எரித்தது விவசாயிகள், இறக்கியது டியூக்
1525 விவசாயிகள் கிளர்ச்சியில் எரிந்ததால்தான் ஜெர்மனியின் ஹோஹென்ஸ்டௌஃபன் கோட்டை சுவடில்லாமல் போனது என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அது பாதி உண்மைதான். தீ கூரையைத் தின்னும், உத்தரத்தைத் தின்னும். கற்சுவரை எப்படித் தின்னும்? எரிந்து சுமார் 30 ஆண்டு கழித்து, அந்தப் பகுதியை ஆண்ட வூர்ட்டெம்பெர்க் டியூக் கிறிஸ்டோஃப், அடிவாரத்துக் கோப்பிங்கன் ஊரில் அரண்மனை கட்ட ஆரம்பித்தபோது, மலைமேல் மிச்சம் நின்ற கல்லைத்தான் பெயர்த்து இறக்கினார்கள். ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்த்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறிப் போனேன். 684 மீட்டர் உச்சி, கடைசித் திருப்பத்தில் நன்றாக மூச்சு வாங்கியது. மேலே இருந்தது தோண்டியெடுத்துச் சரிசெய்து வைத்த தாழ்வான சுவர்கள், புல், காற்று, அவ்வளவுதான். கீழே வந்து அரண்மனையைப் பார்க்கலாமென்றால் அதில் இப்போது கோர்ட் நடக்கிறதாம், பூட்டு! வெளிச்சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டு ரயிலேறினேன். இந்தக் கோட்டையை, இதன் பெயரையே கொண்ட ஹோஹென்ஸ்டௌஃபன் வம்சத்துப் பேரரசர் ஃபிரெடரிக் பார்பரோசா (12-ஆம் நூற்றாண்டு) வாழ்ந்த வீடு என்று சொல்பவர்களுக்கு: பேரரசர் அங்கே தங்கியதற்கு 1181-இல் ஒரே ஒரு ஆவணம்தான் இருக்கிறது. அந்த வம்சத்தில் இந்த மலையோடு நிஜமாக ஒட்டியவர் என்றால் எனக்கு ஐரீன்தான் நினைவுக்கு வருகிறார். 1208 ஜூனில் கணவர், ஜெர்மன் அரசர் ஃபிலிப், பாம்பெர்க் நகரில் வெட்டுப்பட்டுச் செத்ததும், கர்ப்பிணியாக இங்கே வந்து, ஆகஸ்டில் பிரசவத்தில் போய்ச்சேர்ந்த பைசாந்திய இளவரசி. குழந்தையும் பிழைக்கவில்லை. அடக்கம் செய்தது பக்கத்து லோர்ச் மடத்தில். மலையில் ஏறுபவர்கள் அங்கேயும் ஒரு நடை போய் வரலாம்.