ஒரே நாளில் ஒன்பது இடமாம்!

போன வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 52 பேரைச் சென்னைக்கு ஒரு நாள் சுற்றுலா கூட்டிப்போய் வந்தோம். நாலு நாள் ஆகிவிட்டது. இன்னும் வயிறு எரிகிறது. யாரிடமாவது கொட்டித் தீர்த்தால்தான் ராத்திரி தூக்கம் வரும் போலிருக்கிறது.

ஆற்காட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் பதினாறு வருடமாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். இந்தச் சுற்றுலாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது இரண்டே இடம். காலையில் சாந்தோம் பேராலயம். மதியம் சேப்பாக்கம் அரண்மனை. சாயங்காலம் பக்கத்திலேயே கடற்கரை, பிள்ளைகள் காலை நனைத்துக்கொள்ளட்டும் என்று. அவ்வளவுதான் என் திட்டம்.

ஏன் இந்த இரண்டு? சேப்பாக்கம் அரண்மனை யார் வீடு? ஆற்காட்டு நவாப் வீடு. எங்கள் ஊர் நவாப். 1751இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, 50 நாள் முற்றுகையைத் தாங்கி நின்ற கதையை எட்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டு வந்த பிள்ளைகள் இவர்கள். அன்று கோட்டையாக இருந்ததில் மிஞ்சியிருக்கிற டெல்லி கேட்டைத் தாண்டித்தான் பாதிப் பேர் பாலாற்றங்கரைக்கு விளையாடப் போகிறார்கள். அந்தச் சண்டையால் நவாப் பதவி உறுதிப்பட்ட முகமது அலி, பிறகு ஆற்காட்டை விட்டுவிட்டு, கம்பெனியின் கோட்டைக்குப் பக்கத்தில் இருந்தால்தான் பாதுகாப்பு என்று சென்னைக்கே போய்விட்டார். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே அரண்மனை கட்டத்தான் முதலில் நினைத்தார், அது நடக்கவில்லை. 1768இல் சேப்பாக்கத்தில் கட்டிக்கொண்டார். அவருடைய பட்டம் வாலாஜா. எங்கள் பிள்ளைகள் தினம் பஸ் ஏறுகிற வாலாஜாபேட்டை அவர் பெயர்தான். சென்னையில் அந்த அரண்மனையை ஒட்டி ஓடுகிற சாலையும் வாலாஜா சாலைதான். ஊரில் இருக்கிற பெயர்ப்பலகையையும் பட்டணத்தில் இருக்கிற பெயர்ப்பலகையையும் ஒரு பிள்ளை தானே சேர்த்துப் பார்த்துவிட்டால், அதற்கு மேல் நான் என்ன பாடம் நடத்த வேண்டும்?

இதற்காக இரண்டு வாரம் உழைத்தோம். டெல்லி கேட்டுக்கு ஒரு பீரியட் கூட்டிப்போனேன். ஆளுக்கு ஒரு கேள்வி எழுதச் சொன்னேன். 52 கேள்வி, ஒரே நோட்டில். "நவாப் போகும்போது ஆற்காட்டு ஜனங்கள் அழுதார்களா?" என்று ஒருத்தன் எழுதியிருந்தான். "பேராலயம் என்றால் பெரிய ஆலயமா, வேறு அர்த்தம் இருக்கிறதா?" என்று இன்னொருத்தி. எவ்வளவு நல்ல கேள்வி! ஆயருடைய இருக்கை இருக்கிற கோயில்தான் பேராலயம், அளவை வைத்து இல்லை, அங்கே போய் அந்த இருக்கையையே காட்டுகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அப்புறம் சுற்றறிக்கை வந்தது. ஒன்பது இடம்.

சாந்தோம், சேப்பாக்கம், கலங்கரை விளக்கம், மெரினா, எழும்பூர் அருங்காட்சியகம், வள்ளுவர் கோட்டம், கோளரங்கம், கிண்டி பாம்புப் பண்ணை, கடைசியில் ஒரு மால். பஸ் ஏற்பாடு செய்கிற ஏஜென்ட் அடித்துக் கொடுத்த பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரில் இருபது நிமிடம், முப்பது நிமிடம் என்று போட்டிருந்தது. தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். "டீச்சர், பக்கத்து ஸ்கூல்ல எட்டு இடம் போட்டிருக்காங்க. நாம ரெண்டு போட்டா எவன் பணம் கட்டுவான்?" என்றார். பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள், எதைத் தெரிந்துகொள்வார்கள் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேச்சு முழுக்க எண்ணிக்கைதான்.

சரி, அந்த நாளைச் சொல்கிறேன்.

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். காலைச் சாப்பாட்டுக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு ஓட்டலில் நிறுத்தினார்கள். பெண்களுக்கு இரண்டு கழிப்பறை, அதில் ஒன்று பூட்டியிருந்தது. எங்கள் பஸ்ஸில் பெண் பிள்ளைகள் 28 பேர். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் 84 நிமிடம். பட்டியலில் கழிப்பறைக்கு என்று எத்தனை நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்? ஒன்றுகூட இல்லை. ஒன்பது இடத்துக்கு நிமிடக் கணக்குப் போட்ட மனிதருக்கு, பிள்ளைகளுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பது நினைவில்லை. பத்துப் பேர் போய் வருவதற்குள் விசில். மீதிப் பேர் ஒன்றும் சொல்லாமல் வந்து ஏறிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. என் பக்கத்து சீட்டில் இருந்த பிள்ளையின் தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்து நிரப்பிக் கொண்டு வந்தபடியே இருந்தது. மதியம் ஒரு மணிக்கும் கழுத்துவரை அப்படியே இருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. "குடிம்மா" என்றேன். "வேணாம் மிஸ், அப்புறம் போவணும்னு தோணும்" என்றாள். பின் சீட்டுகளைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாப் பாட்டிலும் அப்படித்தான். சென்னை வெயிலில், நாள் முழுக்க, பதினாலு வயதுப் பிள்ளைகள் தாகத்தோடு உட்கார்ந்து வருகிறார்கள். இதற்குப் பெயர் இன்பச் சுற்றுலா!

சாந்தோம் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி நேரம் தாமதம். இருபது நிமிடத்தைப் பதினைந்தாக்கிவிட்டார்கள். அதில் எட்டு நிமிடம் பேனருக்கு. ஆமாம், பேனர். பள்ளிப் பெயர் போட்ட நீளமான ஃப்ளெக்ஸ். அதை விரித்து, சுருக்கம் எடுத்து, உயரமான பையன்களைப் பின்னால் நிறுத்தி, "நகரு, நகரு" என்று படம் எடுத்தார்கள். 155 அடிக் கோபுரம் பின்னால் நிற்கிறது. 52 பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு செல்போனைப் பார்த்து நிற்கிறார்கள்.

உள்ளே ஓட்டமும் நடையுமாகப் போனோம். போர்ச்சுகீசியர்கள் பதினாறாம் நூற்றாண்டில் கட்டிய பழைய கோயில் இருந்த இடத்தில் 1896இல் எழுந்த கட்டடம் இது என்று சொன்னேன், பாதிப் பேர் காதில் விழுந்திருக்கும். ஆயர் இருக்கையைக் காட்ட நேரமில்லை. அந்தக் கேள்வி கேட்ட பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். "வெளிய வந்து சொல்றேன்" என்று அவளுக்கு ஒரு பொய் சொன்னேன்.

ஆனால் கீழே, இயேசுவின் சீடரான புனித தோமையாரின் கல்லறைச் சிற்றாலயத்தில், ஒரு நிமிடம் எல்லாரும் தானாகவே அமைதியானார்கள். அந்த வகுப்பு அப்படி அடங்கி நான் பார்த்ததே இல்லை. மண்டியிட்டு வேண்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டியைப் பார்த்துப் பையன்கள் தாமாகவே குரலைத் தணித்துக்கொண்டார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இந்தக் கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார், இந்த இடத்து மண்ணை எடுத்துப்போய் நோயாளிகளுக்குக் கொடுப்பார்கள் என்றுகூட எழுதியிருக்கிறார் என்று மெதுவாகச் சொன்னேன். கண் விரியக் கேட்டார்கள். பீடி சுற்றுகிற ஒரு அம்மாவின் மகள், வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, என் புடவை முந்தானையை இழுத்தாள். "மிஸ், ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி அவ்ளோ தூரத்துல இருந்து எப்டி மிஸ் வந்தாரு? கப்பலுக்கு மோட்டார் ஏது?"

அந்தப் பிள்ளை கேள்வி கேட்டு நான் கேட்பது அதுதான் முதல் தடவை. பருவக்காற்றைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரிந்துகொண்டு பாய்மரத்தை விரித்தால் அரபிக் கடலைத் தாண்டிவிடலாம், அப்படித்தான் ரோமானியக் கப்பல்கள் மிளகுக்காக முசிறிக்கு வந்தன, தோமையாரும் முதலில் அந்தக் கேரளக் கரையில்தான் இறங்கினார் என்பது மரபு. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். புவியியல், வரலாறு, வாணிகம் மூன்றும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தன.

மேலே விசில் ஊதிவிட்டார்கள். வழிபாட்டு இடம் என்ற நினைப்புகூட இல்லாமல். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினேன்.

சேப்பாக்கத்துக்கு வருகிறேன். அது எப்போதும் வெளியாட்கள் நினைத்தபடி உள்ளே போய்ப் பார்க்கிற இடம் இல்லை, அலுவலகங்கள் இயங்குகிற வளாகம் என்று எனக்குத் தெரியும். அதனால் வெளியே நடந்து, நின்று, பார்க்க வைப்பதாகத்தான் திட்டம். ஹுமாயூன் மஹால், கலஸ் மஹால், இரண்டுக்கும் நடுவில், பிற்காலத்தில் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோல்ம் கட்டிய கோபுரம், மூன்றையும் வரைபடம் போட்டுச் சார்ட்டில் ஒட்டியிருந்தேன். 2012இல் கலஸ் மஹால் தீப்பிடித்து எரிந்ததையும், பிறகு அதை மீட்டுக் கட்டியதையும் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். பழைய கட்டடத்தை எப்படிச் சீராக்குகிறார்கள் என்பதில் கொத்தனார் வீட்டுப் பையன்கள் நாலு பேருக்கு ஆர்வம்.

பஸ் நிற்கவே இல்லை. "நிறுத்த இடமில்ல டீச்சர், லேட்டாயிடுச்சு, ஜன்னல் வழியா காட்டுங்க" என்றார் டிரைவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி எங்களை இறக்கிவிட்டு மறுநாள் விடியற்காலை அடுத்த வண்டி எடுக்க வேண்டியவர். சிக்னலில் கொஞ்ச நேரம் நின்றோம். மரங்களுக்கு நடுவில் சிவப்புச் சுவரும் ஒரு குவிமாடமும் தெரிந்தன. "அதோ, அதான் நம்ம நவாப் வீடு!" என்று கத்தினேன். வலது பக்கம் இருந்தவர்கள் பார்த்தார்கள். இடது பக்கம் இருந்தவர்கள் எழுந்து பார்ப்பதற்குள் பச்சை விழுந்துவிட்டது. "எங்க மிஸ்? எங்க மிஸ்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஆற்காட்டுப் பிள்ளைகளுக்கு ஆற்காட்டு நவாப் அரண்மனையைக் காட்டிய லட்சணம் இது. பட்டியலில் அதற்கு ஒரு டிக்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பூட்டிய கேட் முன்னால் போய் நின்றோம். ஒன்பது இடத்தைப் பட்டியல் போடத் தெரிந்தவர்களுக்கு எந்த நாளில் திறந்திருக்கும் என்று பார்க்கத் தெரியவில்லை. அந்த கேட் முன்னாலும் பேனரை விரித்துப் படம் எடுத்தார்கள்! கோளரங்கத்தில் காட்சி நேரம் தவறிவிட்டது. வள்ளுவர் கோட்டம் ஜன்னல் வழியாக. மாலில் மட்டும் ஒன்றரை மணி நேரம். அங்கே நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், யாரும் வாய் திறக்கவில்லை. கையில் நூறு ரூபாய் வைத்துக்கொண்டு, விலைச்சீட்டைப் பார்த்துப் பார்த்து அப்படியே வைத்துவிட்டு, பிள்ளைகள் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நன்மை, அங்கே கழிப்பறை இருந்தது. பெண் பிள்ளைகள் 28 பேரும் போய்விட்டு வந்து பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெற்றவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிற ஒரு அம்மா என்னிடமே கேட்டார்: "எண்ணூறு ரூபா கட்றோம் டீச்சர், ரெண்டே எடமா?" அவர் கேட்டதில் தப்பில்லை. எண்ணூறு ரூபாய் அவருக்கு எத்தனை நாள் கூலி என்று எனக்குத் தெரியும். அந்தப் பணத்துக்கு நிறைய கிடைக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறார். அம்மா, நானும் அதைத்தான் நினைக்கிறேன்! உங்கள் எண்ணூறு ரூபாய் டீசலிலும் சிக்னலிலும் போய்விட்டது. உங்கள் மகள் எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பஸ் சீட்டைத்தான் பார்த்துவிட்டு வந்தாள். எத்தனை இடம் என்று கேட்கிற நீங்கள், எவ்வளவு நேரம் என்று ஒரு தடவை கேளுங்கள். எங்கே பாத்ரூம் நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். டீச்சர் நான் கேட்டால் "உங்களுக்கு எல்லாத்துலயும் குறைதான்" என்கிறார்கள். பணம் கட்டுகிற நீங்கள் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

திங்கள்கிழமை வகுப்பில் அந்தக் கேள்வி நோட்டைத் திறந்தோம். 52 கேள்வியில் விடை எழுத முடிந்தது மூன்றுக்கு. கப்பல் கேள்வி கேட்ட பிள்ளைக்குப் பலகையில் அரபிக் கடலை வரைந்து, காற்றுக்கு அம்புக்குறி போட்டுச் சொன்னேன். தலையாட்டினாள். அந்தக் கல்லறைக்குள் என் முந்தானையை இழுத்தபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் வகுப்பறையில் இல்லை. இடத்தை விட்டுவிட்டு வந்தோமே, எப்படி இருக்கும்?

நேற்று எட்டாம் வகுப்புச் சுற்றுலாவுக்குப் பட்டியல் மேசைக்கு வந்தது. பத்து இடம். எட்டை அடித்துவிட்டு, மிச்சம் இரண்டுக்கும் எதிரில் இரண்டரை மணி நேரம் என்று எழுதி, கழிப்பறைக்கு மூன்று நிறுத்தம் என்று சிவப்பு மையில் போட்டு, கையெழுத்து வைக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை.