ஆப்ப சோடா பீட்ரூட் நிறத்தைக் காக்காது, கெடுக்கும்

"வேகும்போது ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் பீட்ரூட் நிறம் மங்காது" என்று சிலர் சொல்வது தலைகீழ். அந்தச் சிவப்புக்குக் காரணமான 'பீட்டானின்' என்ற நிறமி லேசான புளிப்பில்தான் நிலைக்கும். சோடாவின் காரத்தன்மையில் பழுப்பு மஞ்சளாகிவிடும், காயும் கொழகொழத்துப் போகும். (கீரைக்குச் சோடா போடுகிற பழக்கம்தான் இங்கேயும் வந்துவிட்டது போல. கீரையின் பச்சை நிறத்துக்குக் காரணமான பச்சையம் வேறு சங்கதி.)

நிறம் வேண்டுமென்றால் தோல் சீவாமல், காம்பில் ஒரு அங்குலமும் வால் வேரும் விட்டு, முழுசாகக் குக்கரில் வையுங்கள். நடுத்தரக் காய்க்கு நாலைந்து விசில். ஆறியதும் தோல் கையோடு வழுக்கி வந்துவிடும். எலுமிச்சைச் சாறு கடைசியில்தான். முதலிலேயே ஊற்றினால் காய் வேக அடம்பிடிக்கும்.

பொரியலுக்குக் கால் கிலோவைப் பொடியாக நறுக்கி, கால் டம்ளர் தண்ணீர் மட்டும் தெளித்து மூடி வேகவிடுங்கள். வடித்துக் கொட்டினால் நிறம் அதோடு போய்விடும்.