படம் எடுக்க மட்டும் நாங்கள் வேண்டுமா?

போன வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணி இருக்கும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் விழா, அதற்கு அழைப்பு. உள்ளூர் விஷயங்களை நான் இணையத்தில் என் பக்கத்தில் எழுதுவது வழக்கம். "அக்கா, நீங்க கண்டிப்பா வரணும். உங்க பக்கத்துல நாலு வரி எழுதி ரெண்டு படம் போட்டீங்கன்னா நம்ம ஆளுங்க நிறைய பேர் வருவாங்க." அனுப்பிய தம்பி நல்ல பிள்ளை. வேலை முடிந்து வந்து, தன் சொந்த நேரத்தில் வட்டார மக்களுக்காக ஓடியாடி உழைக்கும் அடித்தளத் தொண்டூழியர். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனாலும் படித்ததும் உடம்பெல்லாம் கொதித்தது. இதே தொகுதியின் குடியிருப்புகளைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்கு நான் எழுதிய மூன்று மின்னஞ்சல்களுக்கு, ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதிய பதில் இன்றுவரை வரவில்லை.

என்ன கேட்டேன்? எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் கூரை போட்ட நடைபாதை. இரண்டு கூரைகள் சேரும் இடத்தில் மழை பெய்தால் ஒழுகும். ஒழுகி ஒழுகிக் கீழே பாசி பிடித்துவிட்டது. அதற்கு நாலடி தள்ளித்தான் சக்கர நாற்காலி இறங்கும் சாய்வுப்பாதை. நவம்பர், டிசம்பர் மழையில் அந்த இடம் எப்படி இருக்கும் என்று தினமும் அதில் நடப்பவர்களுக்குத் தெரியும். நான் எழுதி, படம் எடுத்து அனுப்பி இரண்டு மாதம் கழித்து, மூன்றாம் மாடியில் இருக்கும் 78 வயது அம்மா காலையில் ரொட்டி வாங்கப் போனவர் அங்கேயே வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. தன் தலையைத் தானே சீவ முடியாமல் அந்த அம்மா அழுததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அந்த இரண்டு மாதத்தில் எனக்கு வந்தது என்ன தெரியுமா? "உங்கள் கருத்துக்கு நன்றி, சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று ஆங்கிலத்தில் ஒரு தானியங்கிக் கடிதம். அப்புறம், புகார் முடிக்கப்பட்டது என்று ஓர் அறிவிப்பு. எப்படி முடிந்தது? யார் வந்து பார்த்தார்? கூரையின் இந்தப் பாதி ஒருவருடையது, அந்தப் பாதி இன்னொருவருடையது என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னார். அதோடு சரி.

2014 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்ன மீன் உருண்டைக் குச்சிக் கதை நினைவிருக்கிறதா? புக்கிட் கோம்பாக் ரயில் நிலையம் பக்கத்தில் ஒரு நடைபாதை. கிடந்தது மீன் உருண்டை செருகித் தின்றுவிட்டுப் போட்ட ஒரே ஒரு குச்சி. அந்த இடத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வோர் அமைப்பின் பொறுப்பு. யார் பெருக்குவது? அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் நகராட்சிச் சேவை அலுவலகம் தொடங்கினார்கள். 2015இல் புகார்களைப் பதிவு செய்ய ஒன்சர்வீஸ் செயலியும் வந்தது. நல்ல ஏற்பாடு. நானே பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். நிரம்பி வழியும் குப்பைத்தொட்டி, எரியாத தெருவிளக்கு எல்லாம் சட்டென்று சரியாகிவிடும். ஆனால் நாட்டின் பிரதமரே மேடையில் நின்று பேசி இத்தனை வருடம் ஆன பிறகும், எங்கள் கூரை யாருடையது என்று கேட்டால் பதில் இல்லை. எனக்கு வலிப்பது அதுதான்.

கடைசியில் வேறு வழியில்லாமல் அந்த அம்மாவின் அனுமதியோடு நடந்ததை அப்படியே எழுதினேன். தேதி, அனுப்பிய படங்கள், வந்த பதில்கள், அவ்வளவுதான். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரே இரவில் வட்டாரம் முழுக்கப் பரவியது. மறுநாள் மாலை ஒரு தொலைபேசி அழைப்பு. "வேலை நடக்கப்போகுது, அந்தப் பதிவை எடுத்துட முடியுங்களா? பார்க்கிறவங்க தப்பா நினைக்கிறாங்க." இரண்டாம் நாள் ஊழியர்கள் ஏணியோடு வந்தார்கள். நாலாம் நாள் தலைவர்கள் வந்தார்கள், புகைப்படக்காரரும் வந்தார். வட்டார உலாவின்போது கவனித்துச் சரிசெய்ததாக அவர்கள் பக்கத்தில் படம் ஏறியது. விழுந்த அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு மாதம் முன்பே சொன்னதைப் பற்றி அரை வரிகூட இல்லை. என் பெயர் வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. "முன்பே சொன்னார்கள், தாமதித்துவிட்டோம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மூன்றே வாரத்தில் அதே இடத்தில் மறுபடியும் ஒழுகியது. ஓட்டையில் பசையைத் தடவிவிட்டுப் போயிருந்தார்கள்.

உள்ளூர் விஷயங்களை எழுதும் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். விழா என்றால் நாங்கள் ஊடகம். முன்வரிசை நாற்காலி, பிரியாணிப் பொட்டலம், தலைவரோடு படம். கேள்வி கேட்டால் அதே நொடியில் நாங்கள் வெறும் குடியிருப்பாளர், செயலியில் பதிவு செய்துவிட்டு வரிசையில் நில்லுங்கள். எங்கள் எழுத்துக்குப் பலம் இருக்கிறது என்று தெரியாமலா இருக்கிறார்கள்? 2018 வரவுசெலவுத் திட்டத்தை மக்களிடம் கொண்டுபோக 50க்கும் மேற்பட்ட இன்ஸ்டகிராம் பிரபலங்களைப் பணம் கொடுத்து அமர்த்தியது நிதி அமைச்சு. 2025 தேர்தல் நேரத்தில் பல கட்சிக்காரர்களும் பாட்காஸ்ட் பாட்காஸ்டாகப் போய் உட்கார்ந்தார்கள். எங்கள் வாசகர்கள் வேண்டும். எங்கள் கேள்வி வேண்டாம்.

கலந்துரையாடலுக்கு வரச் சொன்னார்கள், ஒருமுறை போனேன். கேள்விகளை ஒரு வாரம் முன்பே எழுதி வாங்கிக்கொண்டார்கள். நான் கொடுத்தது இரண்டு. நடைபாதை பற்றி ஒன்று, பொங்கல் அலங்காரம் பற்றி ஒன்று. மேடையில் எதை எடுத்தார்கள் என்று சொல்லவே வேண்டியதில்லை.

ஏன் இப்படி என்று நிறைய யோசித்திருக்கிறேன். 1988இல் நகர மன்றச் சட்டம் வந்ததிலிருந்து, நாடாளுமன்றத்துக்கு நாம் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்களே நம் மின்தூக்கிக்கும் குப்பைக்கும் நடைபாதைக்கும் பொறுப்பு. அதில் நியாயம் இருக்கிறது. ஓட்டுப் போட்டவன் வீட்டு வாசலை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது சரியான கணக்குத்தான். ஆனால் அதனாலேயே, மின்தூக்கி நிற்கிறது என்று எழுதினால்கூட அரசியலாகப் பார்க்கிறார்கள். ஒழுகும் கூரையைப் படம் எடுத்தவள் எந்தக் கட்சி என்று விசாரிக்கிறார்கள். உண்மையாகவே விசாரித்தார்கள். என் எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார்கள். மாதாமாதம் சேவை, பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறேன். அந்த உரிமையில் கேட்கிறேன். இதில் கட்சி எங்கே வந்தது?

"உனக்கு எதுக்கு வம்பு?" என்று என் கணவர் கேட்டார், அண்ணன் கேட்டார், கோயிலில் பார்த்த அக்காவும் கேட்டார். அவர்கள் பயம் வெறும் கற்பனை இல்லை. விலைவாசி பற்றிப் பத்திரிகையில் எழுதிய மிஸ்டர் பிரவுன் என்ற பதிவருக்கு 2006இல் அமைச்சிலிருந்து கடுமையான பதில் வந்தது, அவருடைய பத்தியே நின்றுபோனது. 2013 ஜூனில் புது உரிம விதி வந்தது. மாதம் 50,000 பேர் படிக்கும் உள்ளூர்ச் செய்தித் தளங்கள் 50,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிணை கட்ட வேண்டும் என்றார்கள். பதிவர்கள் ஹோங் லிம் பூங்காவில் கூடி எதிர்த்தார்கள். ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதி பற்றி எழுதிய பதிவர் ராய் ஙெர்ங் 150,000 வெள்ளி கொடுக்க வேண்டும் என்று 2015இல் தீர்ப்பானது. ஒரு கட்டுரையின் இணைப்பை ஃபேஸ்புக்கில் பகிர்ந்ததற்கு லியோங் ஸே ஹியான் 133,000 வெள்ளி கொடுக்க வேண்டும் என்று 2021இல் தீர்ப்பு. அவை இரண்டும் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தொடுத்த அவதூறு வழக்குகள். பெயரைக் கெடுக்கும் பொய்யைச் சட்டம் தட்டிக்கேட்கத்தான் செய்யும் என்று சொல்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. 2019இல் பொய்ச் செய்திகளுக்கு எதிராக வந்த சட்டத்தைப் பற்றியும் இங்கே பேசவில்லை. நான் சொல்வது வேறு. பெரிய வழக்குகளின் பயம் கீழே இறங்கி இறங்கி எங்கள் புளோக்கின் கீழ்த்தளம் வரைக்கும் வந்துவிட்டது. ஒழுகும் தண்ணீரைப் படம் எடுக்கவே ஜனங்கள் சுற்றுமுற்றும் பார்க்கிறார்கள். ஒன்பதாம் மாடிச் சீன ஆன்ட்டி எனக்கு நல்ல படங்கள் அனுப்புவார். ஒவ்வொரு முறையும் கீழே, "என் பெயர் வேண்டாம்" என்று ஒரு வரி இருக்கும். தன் வீட்டு வாசலில் ஒழுகுவதைச் சொல்ல எழுபது வயதுப் பெண்மணி எதற்குப் பயப்பட வேண்டும்?

தமிழில் எழுதுவதால் இன்னொரு பாடு. என் மூன்றாவது மின்னஞ்சலில் நான் எழுதிய பதிவையும் இணைத்திருந்தேன். தொலைபேசியில் பேசியவர், அதை ஆங்கிலத்தில் அனுப்ப முடியுமா என்று கேட்டார். தமிழ் இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. விழா அழைப்பு எனக்குத் தமிழில்தான் வருகிறது, அழகான தமிழில். பதில் சொல்லும்போது மட்டும் தமிழ் தெரிந்தவர் யாரும் அலுவலகத்தில் இல்லாமல் போகிறார்கள். 2014இல் லாவ் பா சாட் உணவங்காடியின் பெயர்ப்பலகையில் "சாட்" (Sat) என்பதைச் சனிக்கிழமை என்று எடுத்துக்கொண்டு "சனி" என்று தமிழில் போட்டுவிட்டார்களே, அது எப்படித் திருத்தப்பட்டது? பார்த்தவர்கள் படம் எடுத்துப் போட்டதால்தான். வம்பு எதற்கு என்று எல்லோரும் பேசாமல் நடந்து போயிருந்தால் வருகிறவர் போகிறவரெல்லாம் அந்தச் "சனி"யைப் படித்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

சில தலைவர்கள் நன்றாகவே நடந்துகொள்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். முன்பு வேறொரு பேட்டையில் குடியிருந்தபோது மக்கள் சந்திப்புக்குப் போனேன். இரவு பத்தரை மணிக்கும் அந்த நாடாளுமன்ற உறுப்பினர் களைப்பைக் காட்டாமல் உட்கார வைத்துக் கேட்டார். இது என் கையில் இல்லை, இன்னாரிடம் எழுதுகிறேன், பதில் வர ஒரு மாதம் ஆகும் என்றார். ஒரு மாதத்தில் பதில் வந்தது. நான் கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் நான் கோபப்படவே இல்லை, அதைப் பற்றி ஒரு பதிவும் எழுதவில்லை. மனிதரை மனிதராக நடத்தினார், போதும்.

அந்த அம்மாவுக்கு இப்போது மாவுக்கட்டு எடுத்துவிட்டார்கள். மழை தூறினால் அந்தப் பக்கம் போவதே இல்லை. சுற்றிக்கொண்டு, கூரையில்லாத வழியாக, ஒரு கையில் குடையும் மறு கையில் ஊன்றுகோலுமாகப் போகிறார்.

அழைப்பு அனுப்பிய தம்பிக்கு சனிக்கிழமை காலையில் பதில் எழுதினேன். "தம்பி, விழாவுக்கு வர்றேன், உங்க அம்மா செய்யற அதிரசமும் சாப்பிடறேன். ஆனா படம் எடுக்க மாட்டேன், எழுதவும் மாட்டேன். நடைபாதைக் கூரை யாரோடது, எந்தத் தேதிக்குள்ள சரி பண்ணுவாங்கன்னு ரெண்டே வரி வாங்கிக் கொடுங்க. அது வந்த அன்னைக்கு ராத்திரியே உங்க விழாவைப் பத்தி எழுதறேன்." மேலே கேட்டுச் சொல்வதாகப் பதில் போட்டிருக்கிறார். இன்று புதன்கிழமை. காலையிலிருந்து மழை.