பேட்டரி கார் மலை ஏறுமா?

பெட்ரோல் காரின் இடத்தை பேட்டரி கார் பிடித்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ‘டவுனுக்குள் சரி, மலைக்கு ஆகாது’ என்று அதற்கு ஒரு அன்பர் பதில் எழுதியிருக்கிறார். நான் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து மலை மேல் இருக்கும் ஏற்காட்டுக்கு அடிக்கடி பேட்டரி காரில் போய் வருகிறவன். மேலே போய்ச் சேர கால்வாசி சார்ஜ் போகும், உண்மைதான். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவிலும் கியர் மாற்றுகிற வேலையே இல்லை. நின்ற இடத்திலிருந்தே மோட்டார் முழு இழுவையும் கொடுக்கும்.

இறங்கும்போதுதான் விஷயமே இருக்கிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரம் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் டைனமோ மாதிரி மின்சாரம் எடுத்து பேட்டரிக்கே அனுப்பும். அடிவாரம் வரும்போது ஐந்தாறு சதவீதம் ஏறியிருக்கும். பழைய பெட்ரோல் காரில் பாதி வழியிலேயே பிரேக் தீய்ந்த வாடை வரும். அந்தச் சூடெல்லாம் வீண்தானே! பெட்ரோல் இன்ஜினும் எரிபொருளில் ஏறக்குறைய முக்கால் பங்கைச் சூடாகவே வெளியே விடுகிறது.

மேட்டூரில் நிலக்கரி எரித்துத்தானே கரண்ட் என்பார்கள். ஆமாம், அனல் மின் நிலையம் இருக்கிறது. காற்றாலை, சூரிய மின்சாரம் கூடக்கூட அதே காரின் புகைக்கணக்கு தானாகக் குறையும். பெட்ரோல் காருக்கு அந்த வழி கிடையாது.

எனக்கு உள்ள வருத்தம் வேறு. இரவில் 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் காலைக்குள் ஊர் சுற்றப் போதுமான சார்ஜ் ஏறிவிடும். வாடகை வீட்டில் இருப்பவருக்கு அந்த ஒரு பிளக் கிடைப்பதில்லை. வீட்டுக்காரர்கள் தயவுசெய்து தனி மீட்டரோடு அனுமதி கொடுங்கள்.