8–12 ஒன்றும் சட்டம் இல்லை

"எடையை ஒரே மூச்சில் 8 முதல் 12 முறை தூக்கினால்தான் தசை வளரும், மற்றதெல்லாம் வீண்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். தவறு. அது 2009-இல் ஏசிஎஸ்எம் என்ற அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்பு புதியவர்களுக்குச் சொன்ன தொடக்க அளவு. எடை குறைவாக இருந்தாலும், இனி ஒன்றிரண்டு முறைக்கு மேல் தூக்க முடியாது என்கிற இடம்வரை போனால் தசை கிட்டத்தட்ட அதே அளவு வளரும். பலம் நன்றாக அதிகரிக்கத்தான் கனமான எடை வேண்டும். அதற்காக, இஷ்டத்துக்குச் செய்தால் போதும் என்பவர்களும் துள்ள வேண்டாம், எடையை நம்மையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் பெரும்பாலும் குறைவானதைத்தான் எடுப்போம். நானே ஆறு மாதம் 10 கிலோ டம்பெல்லை மாற்றவில்லை, 12 முடிந்ததும் ஃபோனை எடுத்துவிடுவேன். ஒருநாள் நிறுத்தாமல் போய்ப் பார்த்தேன், 21 வந்தது! குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்றிரண்டு வந்தால் 2 முதல் 10 சதவீதம் எடை ஏற்றச் சொல்வதும் அதே வழிகாட்டுதல்தான், அதை மட்டும் ஏன் யாரும் எடுத்துப் போடுவதில்லை?