மாங்காய்க்கு விலை வைப்பது யார்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மாம்பழ பானம் என்று பாட்டிலில் அடைத்து விற்க வேண்டுமானால் அதில் குறைந்தது 10 சதவீதம் பழச்சாறு இருக்க வேண்டும். இது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. லிட்டருக்கு 100 மில்லி, அதாவது ஏறக்குறைய 100 கிராம் மாங்கூழ். ஒரு கிலோ கூழ் எடுக்க ஏறக்குறைய இரண்டு கிலோ பெங்களூரா, அதாவது கூழ் ஆலைக்குப் போகிற ரக மாங்காய், பிடிக்கும். ஆக ஒரு லிட்டர் பானத்துக்குப் போவது 200 கிராம் காய். கிலோ ஐந்து ரூபாய்க்குக் காய் போகிற வருஷத்தில், அந்த லிட்டருக்காகத் தோட்டத்துக்கு வந்து சேர்வது ஒரு ரூபாய். அந்த 10 சதவீதத்தை 15 ஆக்கினால், குறைந்தபட்ச அளவோடு நிறுத்திக்கொள்கிற கம்பெனி அதே விற்பனைக்கு ஒன்றரை மடங்கு கூழ் வாங்கியாக வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு ஜூன் மாதமும் கிருஷ்ணகிரியில் மாங்காய் விலை விழும்போது "வரத்து அதிகம், விலை குறையத்தான் செய்யும், இதில் அரசியலைக் கொண்டுவராதீர்கள்" என்று ஒரு அறிவுரை வரும். வரத்து அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அரசியல் ஏற்கெனவே அந்த விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. விலை என்பது நலன்கள் மோதிக்கொள்வதில், பலத்தின் அளவுக்கேற்பப் பிறப்பது என்று நூறு வருஷத்துக்கு முன்பே ஜெர்மன் சமூகவியலாளர் மேக்ஸ் வெபர் எழுதிவிட்டார். சமூகவியலில் அரசியலையும் பொருளாதாரத்தையும் சேர்த்துப் படிப்பதற்கு நம் மாவட்டத்து மாந்தோட்டத்தை விட நல்ல பாடம் கிடைக்காது.

2025 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெங்களூரா ரகம், ஒரே மாதம், அடுத்தடுத்த மூன்று மாநிலம். ஆந்திராவில் கூழ் ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று கிலோவுக்கு 12 ரூபாய் அறிவித்தார்கள். வெளிமாநிலக் காய் சித்தூர் மாவட்டத்துக்குள் வரக்கூடாது என்று ஜூன் 7ஆம் தேதி உத்தரவும் போட்டார்கள். அந்த மாவட்டத்துக் குப்பம், மாநில முதலமைச்சரின் சொந்தத் தொகுதி. கர்நாடகம் எதிர்த்துக் கடிதம் எழுதியது. பிறகு ஒன்றிய அரசு கர்நாடகத்துக்கு இரண்டரை லட்சம் டன் வரை, குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று நிர்ணயித்து, அதற்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மாநிலமும் தானும் ஆளுக்குப் பாதியாக ஏற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டது. நம் பக்கம் கிலோ ஐந்து ரூபாயை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. மழையும் மண்ணும் எல்லைக்கோடு பார்க்காது. விலை மட்டும் சோதனைச் சாவடிக்குச் சாவடி மாறியது.

"மாங்காய் அழுகிற பொருள், அதனால்தான் இந்தக் கதி" என்பார்கள். அழுகுவதுதான் காரணம் என்றால் கரும்புக்கும் பட்டுக்கூட்டுக்கும் இதே கதிதான் வந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் நம் மண்ணில் விளைகிறவைதான். வெட்டிய கரும்பை ஓரிரு நாள் வைத்தாலே சர்க்கரைச் சத்து இறங்கும். ஆனால் பாலக்கோடு சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு எந்தச் சர்வே எண்ணில் நிற்கிறது என்பது ஆலைப் பதிவில் இருக்கிறது. எந்த நாளில் வெட்டலாம் என்று ஆலை தருகிற கட்டிங் ஆர்டர் வந்த பிறகுதான் வெட்டுவார்கள். குறைந்தபட்ச விலையை ஒன்றிய அரசு முன்கூட்டியே அறிவிக்கிறது. 2025-26 பருவத்துக்கு 10.25 சதவீத சர்க்கரைக் கட்டுமானத்துக்கு (கரும்பு எடையில் கிடைக்கிற சர்க்கரையின் பங்கு) குவிண்டால் 355 ரூபாய். 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 14 நாளில் பணம் தர வேண்டும், தாமதித்தால் 15 சதவீத வட்டி. நிலுவை வைக்கிற ஆலைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் "பாக்கி" என்று கேட்க ஒரு சட்டம் கையில் இருக்கிறது.

பட்டுக்கூட்டின் நெருக்கடி இன்னும் கடுமை. சில நாளில் விற்காவிட்டால் உள்ளேயிருந்து அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். துளைபட்ட கூட்டில் தொடர்ந்து நூல் எடுக்க முடியாது. ஆனாலும் தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் அரசு எடைபோடுகிறது, வெளிப்படையாக ஏலம் நடக்கிறது, பக்கத்துக் குவியல் என்ன விலைக்குப் போனது என்று எல்லோருக்கும் தெரியும். கச்சாப் பட்டுக்கு இறக்குமதி வரியை 2021 பட்ஜெட்டில் 10லிருந்து 15 சதவீதமாக உயர்த்தினார்கள். ஏலத்தில் கூவுகிற விலைக்குப் பின்னால் அந்த 15 சதவீதமும் நிற்கிறது.

மாங்காய்க்கு இவற்றில் எது இருக்கிறது? குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் இல்லை. கட்டிங் ஆர்டர் கிடையாது. எல்லாத் தோட்டத்திலும் ஒரே சமயத்தில் பறித்து, டிராக்டர்கள் ஆலை வாசலில் வரிசை கட்டும். வெயிலில் இரண்டு நாள் நின்றால் அடியில் இருக்கிற காய் நசுங்கும், எடை குறையும், கழிவு என்று இன்னொரு பிடித்தம் விழும். மூன்றாம் நாள் டிரைவர் வாடகை கேட்பார். அந்த நேரத்தில் சொல்லப்படுகிற விலையை மறுக்க யாரால் முடியும்? எதிரே ஆலைக்குள், கிருமி நீக்கிப் பையில் அடைத்த கூழ் 215 கிலோ டிரம்களில் ஒன்றரை வருஷம் கெடாமல் நிற்கும். போன வருஷம் விற்காத டிரம், இந்த வருஷக் காயோடு போட்டி போடும். கூழ் ஏற்றுமதியில் பெரும்பங்கு அரபு நாடுகளுக்குப் போகிறது. செங்கடலில் கப்பல் தாக்கப்பட்டுச் சரக்குக் கட்டணம் ஏறினால், அதன் பாரம் கடைசியில் இறங்குவது டிராக்டர் வரிசையில் நிற்பவர் தலையில். ஆலைக்காரரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவரால் காத்திருக்க முடிகிறது, விவசாயியால் முடியவில்லை. காத்திருக்கும் பலத்தைக் கரும்புக்குச் சட்டம் ஓரளவு கொடுத்தது, பட்டுக்கு அங்காடி கொடுத்தது. மாங்காய்க்கு யாரும் கொடுக்கவில்லை.

விலை விழும்போது கைகொடுக்க ஒன்றிய அரசின் சந்தைத் தலையீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். மாநில அரசு கேட்டால்தான் அது வரும். வழக்கமான பருவத்தை விட விலை 10 சதவீதமாவது விழுந்திருக்க வேண்டும். நஷ்டத்தில் பாதியை மாநிலம் ஏற்க வேண்டும். விலை விழுந்த பிறகு புள்ளிவிவரம் திரட்டி, கோப்பு நகர்ந்து, உத்தரவு வருவதற்குள் பாதிப் பறிப்பு முடிந்திருக்கும். ஆட்சியர் முன்னிலையில் விவசாயி, ஆலை, அதிகாரிகள் என்று முத்தரப்புக் கூட்டம் போட்டுப் பேசுகிற விலைக்கோ சட்டபலம் இல்லை.

பணம் வந்தாலும் யாருக்குப் போகும் என்பது அடுத்த சிக்கல். இதைத்தான் அதிகம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். நம் பகுதியில் நிறையத் தோட்டங்கள் பூ விடும்போதே குத்தகைக்குப் போய்விடும். பட்டா ஒருவர் பெயரில். மருந்தடித்து, காவல் காத்து, கூலி கொடுத்துப் பறித்தவர் இன்னொருவர். எடைச்சீட்டில் பெரும்பாலும் மண்டிக்காரர் பெயரோ வண்டி எண்ணோதான் இருக்கும். வித்தியாசத் தொகையைப் பட்டாவைப் பார்த்துப் போட்டால் நஷ்டப்பட்ட குத்தகைதாரருக்கு ஒன்றும் கிடைக்காது. சீட்டைப் பார்த்துப் போட்டால் மண்டிக்குப் போய்விடும். குத்தகைதாரர் நொடித்தால் அடுத்த வருஷம் தோட்டத்துக்காரருக்குக் குத்தகைப் பணம் குறையும். ஆக இருவருக்கும் அடி.

அதனால் கோரிக்கையை "கிலோவுக்கு இத்தனை ரூபாய்" என்பதோடு நிறுத்தக் கூடாது. பிப்ரவரியிலேயே மரங்களைச் சர்வே எண் வாரியாகக் கணக்கெடுத்து, குத்தகைதாரர் பெயரையும் அடங்கல் என்கிற கிராமப் பயிர்க் கணக்குப் பதிவோடு சேர்க்க வேண்டும். ஏப்ரலில், பறிப்புக்கு முன்பே, விலை அறிவிக்க வேண்டும். ஆலை வாசல் வரிசைக்குப் பதில் நாள் குறித்த டோக்கன். எடைச்சீட்டில் பயிரிட்டவர் பெயர், சர்வே எண், கழிவு எத்தனை கிலோ என்று மூன்றும் இருக்க வேண்டும். கரும்பைப் போலவே 14 நாளில் பணம். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இந்த ஐந்தையும் எழுத்தில் கேளுங்கள். மனு ஜூன் மாதத்தில் கொடுத்தால் பயனில்லை, தை மாதத்திலேயே, மரத்தில் பூ இருக்கும்போதே கொடுங்கள்.