கட்டம் போட்ட நோட்டு

தர்மபுரியில் பதினெட்டு வருடமாக கிரில், கேட் வேலை செய்கிறேன். கடைக்கு வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் போனை நீட்டி, "இதே மாதிரி வேணும்ணே" என்கிறார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் வீடு, அவர்கள் ஆசை. ஆனால் என்னிடம் தொழில் பழக வரும் பையன்களும் போனைப் பார்த்தே டிசைன் பழகுகிறார்கள். அதைப் பார்த்தால்தான் மனசு கேட்கவில்லை. ஒரு தம்பி ஆயிரத்துக்கும் மேல் படம் சேர்த்து வைத்திருக்கிறான். ஒரு தாளைக் கொடுத்து, நாலடி ஜன்னலுக்கு ஒரு கிரில் போட்டுக் காட்டுடா என்றால் அவன் கை நகரவில்லை.

டிசைனை வைத்துச் சாப்பிடுகிறவர் யாராக இருந்தாலும் ஒரு நோட்டு வைத்து வரைய வேண்டும் என்பது என் கட்சி. கிரில்லோ, ஆரி வேலையோ, மர வேலையோ, எதுவானாலும் சரி.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 2011-ல் ஒரு படத்தைப் பார்த்து அப்படியே பன்னிரண்டடி கேட் செய்து கொடுத்தேன். இரண்டு கதவு, ஒவ்வொன்றிலும் ஒரு மயில். எல்லாரும் நின்று பார்த்தார்கள். ஒரு மழைக்காலம் போவதற்குள் ஒரு கதவு தொங்கி, தரையில் தேய ஆரம்பித்துவிட்டது. திரும்ப அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தால், மயில் தோகைக்குப் பின்னால் மூலைக்கு மூலை ஒரு கம்பி போகிறது. கதவின் பாரத்தைத் தாங்குவதே அதுதான். தோகை அழகாக இருந்ததால் அந்தக் கம்பியை நான் பார்க்கவே இல்லை. உட்கார்ந்து வரைந்திருந்தால் பார்த்திருப்பேன். கோடு போடும்போது இது எங்கே முடிகிறது, எதன் மேல் உட்காருகிறது என்று ஒவ்வொரு இடத்திலும் கை நின்றுவிடும். பதில் தெரியாமல் அடுத்த கோடு போட முடியாது.

அப்போதுதான் அம்மாவின் கோல நோட்டு ஞாபகத்துக்கு வந்தது. பக்கத்து மூலையில் '15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி' என்று எழுதி, கீழே கோலம் இருக்கும். ஒரே சிக்குக் கோலம் நாலு பக்கத்தில் நாலு விதமாக இருக்கும். எங்கே கோடு சுற்றி வந்து சேரவில்லையோ அங்கே ஒரு சின்ன வட்டம் போட்டு வைத்திருப்பார். எதையும் அழித்ததில்லை. அடுத்த பக்கத்தில் ஒரு வரிசைப் புள்ளியைக் கூட்டி மறுபடி போட்டிருப்பார். மார்கழியில் வாசலில் ஒரே மூச்சில் அம்மா இழுத்த கோலங்களெல்லாம் ஐப்பசியிலேயே அந்த நோட்டில் தடுமாறி எழுந்தவை.

சரி, நான் என்ன வரைகிறேன்? நம் ஊரில் இருப்பதைத்தான். 2018-ல் பென்னாகரம் பக்கம் ஒரு பட்டுப்புழு விவசாயி வீட்டுக்கு ஷெட் அளக்கப் போனேன். பந்தலில் சந்திரிகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பழுத்த புழுவைக் கூடு கட்ட விடுகிற மூங்கில் தட்டி அது. ஏறக்குறைய ஆறடிக்கு நாலடி. அதன் மேல் மூங்கில் பட்டையைச் சுருளாகச் சுற்றி நிறுத்தியிருப்பார்கள். அந்தச் சுருள் பிடித்துப்போய் நோட்டில் வரைந்தேன். வெறும் சுருள் கோடு. கடைக்கு வந்து ஃபிளாட்டை, அதாவது தட்டையான இரும்புப் பட்டையை, வளைத்துப் பார்த்தால் ஸ்பிரிங் மாதிரி ஆடுகிறது. அதோடு விட்டுவிட்டேன், பக்கத்தை மட்டும் கிழிக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து வேறு எதையோ தேடும்போது அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. மறுபடி போய், இந்த முறை கீழே உட்கார்ந்து பக்கவாட்டில் இருந்து வரைந்தேன். அப்போதுதான் புரிந்தது, பட்டை படுத்திருக்கவில்லை, விளிம்பில் நிற்கிறது. அது தானாகவும் நிற்கவில்லை. பின்னால் இருக்கும் தட்டியின் பாய்தான் அதைப் பிடித்திருக்கிறது. கிரில்லில் பாய்க்குப் பதில் எது? நாலு அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் 12 எம்.எம். ஸ்கொயர் ராட். குழந்தையின் தலை நுழையாமல் இருக்க அந்தக் கம்பி எப்படியும் வேண்டும். அதன் மேல் 20-க்கு 5 எம்.எம். ஃபிளாட்டை விளிம்பில் நிறுத்திச் சுற்றி, கம்பி தொடும் இடத்தில் எல்லாம் டேக், அதாவது சின்னப் பொட்டு வெல்டிங், வைத்தேன். நேராகப் பார்த்தால் மெல்லிய கோடு, நடந்துகொண்டே பார்த்தால் அகலமான பட்டை. அந்த ஜன்னல் அதே விவசாயியின் புது வீட்டில் இருக்கிறது. எந்தப் போனிலும் அந்தப் படம் கிடைக்காது.

தர்மபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களையும் போய் வரைந்து பாருங்கள். போட்டோ எடுத்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். ஒரு கல்லை வரைய எனக்கு அரை மணி நேரம் ஆனது. வில், வாள், வளைந்த கால், அவ்வளவுதான். ஆனால் ஆள் பாய்கிறான். கால் வளைந்த கோணத்தை நேராக்கினால் பாய்ச்சல் போய்விடுகிறது. இதை என் நோட்டில் தப்பாகப் போட்ட காலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். விலை கூடிய நோட்டு வேண்டாம், நல்ல தாள் என்றால் கை பயப்படும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். ஒரு கட்டம் இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொண்டால் அளவும் கூடவே வந்துவிடும். பேனாவில் போடுங்கள், அழிக்க முடியக் கூடாது. தேதி எழுதுங்கள். எடைக் கணக்கையும் அதே பக்கத்தில் போடுங்கள்: ஸ்கொயர் ராட் என்றால் எம்.எம். அளவை அதே அளவால் பெருக்கி, 0.00785-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும். 12 எம்.எம். கம்பிக்கு 1.13 கிலோ. எத்தனையோ நல்ல டிசைன் எடையில்தான் அடிபட்டுப் போகிறது. லியோனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளில் சுமார் 7,000 பக்கம் இன்றும் இருக்கிறது. இயந்திரப் படங்கள் போட்ட அந்தக் குறிப்பேடுகளில் வாங்க வேண்டிய சாமான் பட்டியலும் இருக்கிறது. நோட்டு அழகாக இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

லேசர் கட்டிங் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். நானும் ஷீட் வேலைக்கு அங்கேதான் ஓடுகிறேன். ஆனால் கம்ப்யூட்டரில் போட்ட முதல் கோடே முடிந்துபோன வேலை மாதிரி பளிச்சென்று நிற்கிறது. அதைத் திருத்த யாருக்கும் மனசு வருவதில்லை. நோட்டில் கோணலாக இருக்கும் கோடுதான், இன்னொரு தரம் போடு என்று இழுக்கும்.

இப்போது பரிசல் வரைந்துகொண்டிருக்கிறேன். ஒகேனக்கல்லில் கவிழ்த்து வைத்திருக்கும் பரிசலின் அடியில் மூங்கில் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போய், விளிம்பு நெருங்கும்போது எப்படியோ வளைந்து வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த வளைவு இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஐந்து பக்கம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன், அந்தத் தம்பியையும் கூட்டிக்கொண்டு. அவனுக்கும் ஒரு கணக்கு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.